நேர்ந்துவிட்ட குஞ்சு

…மேகம்தான், நிழல் என்று பதறியது வெறும் மேகம்தான், பருந்தின் நிழல் இப்படி அசமந்தமாக நகராது, அது தரையில் ஓடும், சமையலறைத் தகரத்தில் ஏறி இறங்கி வேலிப் பக்கம் போய்த் திரும்பி வரும், இத்தனை நாள் காவல் இருந்ததில் அகதாவுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது, தரையைப் பார்த்தாலே போதும், கழுத்துவலியாவது மிச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம், வேறு என்ன மிச்சம்... கவிழ்த்துப் போட்ட பால்வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள், மூங்கில் கழி மடியில் குறுக்காகக் கிடந்தது, விடியலில் இருந்து ரப்பர்மரத்தில் பால் வெட்டிய கை இன்னும் புளித்த பாலின் வாடை அடித்தது, குளிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை, லயத்துப் பெண்களெல்லாம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்து ஒரு தூக்கமும் போட்டிருப்பார்கள், இவள் மட்டும் கொல்லைப்புறத்தில் ஒரு கோழிக்குப் பாரா நிற்கிறாள். தாய்க்கோழி மண்ணைக் கிளறிக் கிளறிக் கூப்பிட்டது, அதைச் சுற்றி ஐந்து குஞ்சுகள், ஆறாவது நொண்டி, எப்போதும் பின்தங்கி வெட்டவெளியில் தனியாக நிற்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை என்று சொன்னால் பாவம்தான், ஆனால் உண்மை அதுதான், அவள் கண் முழுக்க ஒன்றின் மேல்தான் இருந்தது, இடது காலில் சிவப்புத் துணி கட்டிய சேவல்குஞ்சு. அது அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்டது. ஜூன் மாதத் திருவிழாவரை அது உயிரோடு இருக்க வேண்டும், வளர்ந்து, கொண்டை சிவந்து, கோயில் வாசலில் கொண்டுபோய் விட வேண்டும், அது இருந்தால் அவள் புருஷன் ராஃபேல் வருவார், அப்படித்தான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், நம்பாமல் வேறு எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவது?

பஞ்சாரத்தில் போட்டு மூடேன் என்று பக்கத்து வீட்டுக் காளியம்மா சொல்லாத நாளில்லை. சொல்லலாம், சொல்ல என்ன, கூடைக்குள் போட்டு மூடினால் பருந்து வராது, சரி, குஞ்சு எதைத் தின்னும்? இப்போது அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போடுகிறார்கள், மிஞ்சினால் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடுமாம், புருஷன் இல்லாத வீட்டுக்கு ஒரு ஆள் அரிசி, அதில் கல் பொறுக்கினாலே பாதி போய்விடுகிறது, கோழிக்கு நொய் எங்கிருந்து வரும். ராஃபேல் இருந்த காலத்தில் அவர் தட்டிலிருந்தே ஒரு பிடி கோழிக்குப் போகும், சாப்பிட்டு எழுந்திருக்கும்போது தட்டை வெளியே உதறுவார், உதறுகிற சாக்கில் வேண்டுமென்றே ஒரு பிடி வைத்திருப்பார், அவளுக்குத் தெரியாதென்று நினைப்பு. இப்போது அவள் தன் பால்வெட்டு நிரையில், பட்ட மரத்தடியில் கரையான் புற்றைப் பெயர்த்து வாளியில் போட்டுக்கொண்டு வருகிறாள், வேலிவாசலில் சோதனை போடும் பெண் அதைக் கிண்டிப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறாள், வெளியே போகும்போது அரிசி இருக்கிறதா என்று மடியைத் தடவுகிறாள், உள்ளே வரும்போது கரையானைக் கிண்டுகிறாள், கரையானை எந்தக் கம்யூனிஸ்ட் தின்னப் போகிறான்... அது ஒரு வேளைக்குத்தான் காணும். மீதிக்கு இதுகள் வெளியே வந்து கிளறித்தான் ஆக வேண்டும். வெளியே வந்தால் பருந்து, உள்ளே இருந்தால் பட்டினி, இரண்டுக்கும் நடுவில் மூங்கில் கழியோடு இவள்.

முன்பு இந்தக் கவலை இருந்ததா? இல்லையே. மரத்துக்கு நடுவில்தானே பழைய லயம் இருந்தது, ரப்பர்மர நிழலில் வானம் காசு காசாகத்தான் தெரியும், கோழிகள் நாள் முழுக்க சருகைக் கிளறிக்கொண்டு திரியும், கீரியும் உடும்பும் எடுத்ததுண்டு, பருந்து எடுத்ததாக அவள் கேட்டதே இல்லை. அப்புறம் இந்த எமர்ஜன்சி வந்தது, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், சுற்றிலும் இரண்டு வரிசை முள்கம்பி, வேலிக்கு வெளியே காட்டுக்காரன் ஒளிந்து வரக் கூடாது என்று ஒரு பெரிய வட்டத்துக்கு மரத்தையெல்லாம் சாய்த்தார்கள், நல்ல பால் கொடுத்த மரங்கள், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் செல்லன் நின்று பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான், துரையின் பாதுகாப்பு, நம்முடைய பாதுகாப்பு, எல்லாருடைய பாதுகாப்பு என்றார்கள். மனிதன் ஒருத்தன் தலையைத் தூக்கினால் தெரிய வேண்டுமாம். தெரிந்தது, மேலே இருப்பதற்கு எல்லாம் தெரிந்தது. ஆற்றுமுகத்திலிருந்தும் கரைச் சதுப்பிலிருந்தும் மீனைத் தேடிச் சுற்றுகிற பருந்துகள் ஒரு நாள் இந்த மொட்டைத் தரையைக் கண்டுபிடித்தன, அன்றிலிருந்து பிடித்தது சனி. யாரிடம் போய்ச் சொல்வது, துரையிடமா, எங்களைக் காப்பாற்ற நீங்கள் வெட்டிய மரம் என் கோழிக்கு எமனாகிவிட்டது என்றா?

வலை கட்டிப் பார்த்தாயிற்று. காவலுக்கு நிற்கிற யூசோப், கடலோரத்துப் பாகான் நக்கோடா ஓமாரில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிவாசலில் வெயில் காய்கிறார், லீவில் ஊருக்குப் போனவர் கிழிந்த வலை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார், அகதா அதைக் கூரையிலிருந்து வேலிக்கம்பம்வரை இழுத்துக் கட்டினாள், இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள், மூன்றாம் நாள் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்கார ஆபீசர் குச்சியால் வலையைத் தட்டி என்னவோ கேட்டான், இதற்கடியில் ஆள் பதுங்கினால் பாராக்காரனுக்குத் தெரியாது என்று சொன்னானாம், சாயங்காலத்துக்குள் அறுத்தெறிந்துவிட்டார்கள். யூசோப்புக்கும் நல்ல டோஸ். அதற்கப்புறமும் வெட்கத்தை விட்டு அவரிடம் போய்க் கேட்டாள், ஒரே ஒரு தடவை மேலே சுடேன் என்று, அவர் தலையைக் குனிந்துகொண்டு, “தா போலே லா, அக்கா” என்றார், முடியாது, ஒவ்வொரு குண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும், எதைப் பார்த்துச் சுட்டாய் என்று கேட்பார்கள், பருந்தைப் பார்த்து என்றால் சிரிப்பார்கள், அப்புறம் சிரிக்க மாட்டார்கள்... பாவம், அவரும் என்ன செய்வார். இத்தனை துப்பாக்கி இத்தனை கம்பி இத்தனை விளக்கு, ஒரு பருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

குஞ்சு எங்கே? இதோ இருக்கிறது, தாயின் வயிற்றடியில், சிவப்புத் துணி மண்ணில் இழுபடுகிறது, நல்ல வேளை. இது நான்காவது. முதலில் நேர்ந்துவிட்டது ஒரு சோனிக் குஞ்சு, அதில் அவள் மனசு கொஞ்சம் கஞ்சத்தனம் செய்தது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், பிழைக்குமோ போகுமோ என்று இருந்ததைத்தான் அந்தோணியாருக்குக் காட்டினாள், காலில் ஒரு சுற்று சிவப்பு நூல் கட்டினாள், சாமிக்கு நேர்ந்த கோழி என்றால் அடையாளம் வேண்டும், ஊரில் அம்மா அப்படித்தான் செய்வாளாம், இங்கேயும் கோயில்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், இல்லாவிட்டால் விருந்தாளி வந்த அவசரத்தில் சாமி கோழியை யாராவது குழம்பு வைத்துவிடுவார்கள். நாலே நாளில் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. சரி, சாமிக்கு மட்டமானதைக் காட்டினதற்கு அடி விழுந்தது என்று நினைத்தாள், அடுத்து நல்லதாக ஒன்றைப் பிடித்து மூன்று சுற்று நூல் கட்டினாள், அதுவும் போயிற்று. மூன்றாவதற்கு நூலைத் திரித்துத் தடிமனாகக் கட்டி நுனியை நீளமாக விட்டாள், தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படட்டும், ஓடிப்போய்க் காப்பாற்ற வசதியாக இருக்கட்டும் என்று. வேலையில் இருந்தபோது அதையும் எடுத்துக்கொண்டது. மற்ற குஞ்சுகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. “உங்க அந்தோணியாருக்கு நேந்தத எங்க பெருமாள் ஆள் அனுப்பி வாங்கிக்கிறாருடி” என்று காளியம்மா சிரித்தாள், சிரித்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அது பருந்தே இல்லை, வெள்ளைக் கழுத்தும் செம்மண் இறக்கையும் கண்டால் கருடன், கன்னத்தில் போட்டுக்கொள்வாள், அதுவும் சனிக்கிழமை கண்டால் அன்றைக்கெல்லாம் அவள் முகத்தில் ஒரு களை வந்துவிடும். இவள் கல்லைக் கையில் எடுத்தால் போதும், “கல்லெடுக்காதடி அகதா, பாவம் சுத்திக்கும்” என்று வந்து கையைப் பிடிப்பாள். எந்தப் பாவம் இனிமேல் புதிதாக வந்து சுற்றப் போகிறது...

நான்காவதற்கு நூல் போதாது என்று தன் கல்யாண ரவிக்கையைக் கிழித்தாள். சிவப்புப் பட்டு, ஓரத்தில் கொஞ்சம் சாயம் போயிருந்தது, அவ்வளவுதான். நீளமாக ஒரு பட்டையைக் கிழித்துக் காலில் முடிந்தபோது குஞ்சு தடுக்கித் தடுக்கி நடந்தது, பிறகு பழகிக்கொண்டது. இதைவிட நல்ல குஞ்சு இல்லை, இதைவிட நல்ல துணியும் அவளிடம் இல்லை, இனி அந்தோணியார் என்ன குறை சொல்வார்? வேண்டுதலை நிறைவேற்ற விடாமல் வேண்டுதலையே எடுத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன அர்த்தம், அவர் வேண்டாம் என்கிறாரா, முடியாது என்கிறாரா, ராஃபேலைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்து மறைக்கிறாரா... இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது. செபமாலையைத் தொட்டுக்கொண்டாள். யோசிக்கக் கூடாது என்றால் யோசனை கேட்கிறதா, போன வாரம் ஆபீஸ் வாசலில் கணக்கெழுதுகிற எர்னஸ்ட் கிராணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்துவிட்டது, ராஃபேலைப் பிடித்து அடைத்திருக்கிற கேம்பில் இருக்கிறவர்களில் இந்தியாவில் பிறந்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறார்கள் என்று. ராஃபேல் பிறந்தது திருச்சிப் பக்கம், கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அங்கே அவருக்கு ஒரு வாசல் தெரியாது, ஒரு முகம் தெரியாது. இவள் பிறந்தது இதே தோட்டத்தில். கப்பல் போய்விட்டால் போனதுதான். அடுத்த வாரம் விசாரணை, ஒரு மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்களாம், அதில் விட்டால் வீடு, இல்லையென்றால் கப்பல்.

அதற்காகத்தான் சட்டை. வெள்ளை லாங்கிளாத் எடுத்து, சாயங்காலச் சாயங்காலமாக விளக்கு ஏற்றுமுன் கிடைக்கிற வெளிச்சத்தில் கையாலேயே தைத்தாள், காலர் மட்டும் இரண்டு தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது, பையின் மேல் சிவப்பு நூலில் ஒரு சிலுவை போட்டாள், குஞ்சுகளுக்குக் கட்டி மிஞ்சிய அதே நூல்கண்டு, சின்னச் சிலுவைதான், ஆனால் அழுத்தமாக. இன்று காலை பால் நிறுக்கிற இடத்தில் எர்னஸ்ட் கிராணியிடம் கொடுத்தாள், அவரும் வேதக்காரர்தான், கோயிலில் முன்பெஞ்சில் உட்காருகிறவர், மத்தியான லோரியில் கோலா சிலாங்கூர் போகிறார், அங்கே ஃபாதர் இருக்கிறார், இன்று சாயங்கால பஸ்ஸில் ஃபாதர் கிளம்பி கேம்புக்குப் பூசை வைக்கப் போகிறார், கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கிராணி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“சட்டை எதுக்கு அகதா? உள்ள இருக்கிறவங்களுக்கு அங்கயே உடுப்பு குடுத்துடறாங்க லா. எல்லாருக்கும் ஒரே மாதிரி காக்கி.”

“விசாரணைக்கு நிக்கிறப்ப போட்டுக்கட்டும் ஐயா. மத்தவங்களோட ஒண்ணா நிறுத்தி வச்சா யாருக்குத் தெரியுது. பாத்த உடனே தெரியணும், இவரு வேதக்காரரு, அந்த மாதிரி ஆளு இல்லன்னு.”

அவர் சிலுவையை விரலால் தடவிப் பார்த்தார், “நல்லாத்தான் தச்சிருக்க” என்றார், பொட்டலத்தை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டார். அவள் அதைக் கேட்டு நெடுநாளைக்குப் பிறகு கொஞ்சம் சந்தோஷப்பட்டாள், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டே வந்தாள். லோரி போய்விட்டது, கொஞ்சம் முன்னால்தான் சத்தம் கேட்டது, முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டியோடு.

வேதக்காரன் கம்யூனிஸ்டாக இருக்க மாட்டான், கம்யூனிஸ்டுக்குச் சாமி கிடையாது, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு, வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஒரே கோயில், ஒரே சிலுவை. அன்றைக்கும் அதை நினைத்துத்தானே... அன்றைக்கு விடியுமுன் பட்டாளம் வந்து வேலியைச் சுற்றி நின்றது, ஆம்பளைகளெல்லாம் திடலுக்கு வா என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள், பதற்றத்தில் அவரவர் கொடியில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினார்கள், பால் படிந்து கறுத்துப் போன வெட்டுச் சட்டைகள். இவள்தான் ராஃபேலை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்து கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டாள், அந்தோணியார் சுரூபப் பதக்கத்தைக் கழுத்தில் வெளியே தெரிகிற மாதிரி எடுத்துவிட்டாள். “எல்லாரும் வெட்டுச் சட்டையில போறாங்க புள்ள, நான் மட்டும் மாப்பிள்ளையாட்டம் போகணுமா?” என்று அவர் கூச்சப்பட்டார், சிரிக்கக்கூடச் செய்தார். “போட்டுட்டுப் போங்க. தொரை பாத்தா தெரியணும்ல, நாம யாருன்னு.” அதுதான் கடைசியாகப் பேசியது. திடலில் ஒரு வேன் நின்றது, அதற்குள் தலையோடு சாக்குத் துணியைப் போர்த்திய ஒருத்தன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை, ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக அவன் முன்னால் நடக்க வேண்டும், அவன் தலையசைத்தால் ஆள் தனியாக நிற்க வேண்டும். பெண்களெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். வெகு நேரம் அந்தத் தலை அசையவே இல்லை, வெள்ளைக்கார ஆபீசர் பொறுமையிழந்து வேனைத் தட்டினான், அதற்கப்புறம் அசைந்தது. ராஃபேல் திரும்பிப் பார்த்தார். காட்டுக்காரனுக்கு அரிசி கொடுத்தானாம். கொடுத்தாரா? ஒரு பிடி சோற்றைக் கோழிக்குப் போடுவதற்கே அவளிடம் ஒளித்த மனிதர், மூட்டை அரிசியை எப்படி ஒளிப்பார், கொடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காதா... தெரிந்திருக்கும்.

நிழல்.

மேகம் இல்லை இது, ஓடுகிறது, தகரத்தில் ஏறி இறங்கி... எழுந்தாள், வாளி உருண்டது, தாய்க்கோழி ஒரு குரல் கொடுத்தது, குஞ்சுகள் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டன, நொண்டிதான் நட்ட நடுவில் நின்றது, எந்த மறைவும் இல்லாமல், ஓட முடியாமல், சரி அது போயிற்று என்றே நினைத்தாள், மனசின் ஒரு மூலையில் அதுவே போகட்டும் என்றுகூட நினைத்தாள், ஆனால் பருந்து நொண்டியின் தலைக்கு மேலேயே பறந்து வந்து அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாயின் பக்கம் சரிந்தது, தாய் எகிறி மோதியது, தூசியும் இறக்கையுமாக ஒன்றும் தெரியவில்லை, சிவப்பு மட்டும் ஒரு தடவை மேலே எழும்பியது, அகதா கழியை வீசினாள், எதில் பட்டதோ, கழியைப் போட்டுவிட்டு அப்படியே குப்புற விழுந்து அந்தச் சிவப்பைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். நகம் ஒன்று புறங்கையைக் கீறிக்கொண்டு போயிற்று. பிறகு நிழல் வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

குஞ்சு உயிரோடு இருந்தது. முதுகில் ஒரு கீறல், இரண்டு சொட்டு ரத்தம், நெஞ்சு படபடவென்று அவள் உள்ளங்கையில் அடித்தது. தண்ணீர்க்குடத்தோடு வந்துகொண்டிருந்த காளியம்மா குடத்தை வழியிலேயே இறக்கிவிட்டு ஓடி வந்தாள், பழக்கதோஷத்தில் கை கன்னத்துக்குப் போய்விட்டது, பாதியில் உணர்ந்து கையை இறக்கிக்கொண்டாள், முந்தானையால் அகதாவின் கையைத் துடைத்தாள்.

“ரத்தம் வருதுடி. மஞ்சள் கொண்டாரவா?”

“வேணாங்க்கா.”

“நான் பாத்துட்டேதான் வந்தேன். நொண்டி நடுவுல நிக்குது, கைய நீட்டுனா எடுத்துக்கலாம், அத விட்டுட்டு ஆத்தா மடிக்குள்ள கெடக்கறதுக்கு வருது பாரேன். சாமிக்கு நேந்ததுன்னு அதுக்கும் எப்படியோ தெரியுதுடி.”

“எப்படித் தெரியும்?” என்றாள் அகதா.

“எப்படின்னு தெரியல, ஆனா தெரியுது” என்று சொல்லிவிட்டுக் காளியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள், வெயில் உச்சி தாண்டியிருந்தது, அவளுக்கும் உலை வைக்கும் வேலை இருக்கும். எப்படித் தெரியும்? அகதா வாளியை நிமிர்த்தாமல் மண்ணிலேயே உட்கார்ந்தாள். பருந்துக்கு அந்தோணியாரைத் தெரியாது, பெருமாளையும் தெரியாது, காளியம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அது மேலே சுற்றுகிறது, கீழே எல்லாம் மண் நிறம், தாய் மண் நிறம், குஞ்சுகள் மண் நிறம், மரம் போன தரையும் மண் நிறம், அதில் ஒன்று மட்டும்... கையில் இருந்ததைப் பார்த்தாள். வெயிலில் அந்தப் பட்டு கண்ணைக் குத்தியது. இத்தனை நாள் அவள்தானா காட்டிக்கொடுத்தாள்? ஒரு சுற்று நூல், மூன்று சுற்று, திரித்த நூல், ரவிக்கைப் பட்டை, ஒவ்வொன்று போகும்போதும் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று... தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படட்டும் என்று அவள்தானே கட்டினாள். பட்டது.

முடிச்சு இறுகிப் போயிருந்தது, நகத்துக்கு வரவில்லை, குஞ்சின் காலை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் கடித்து இழுத்தாள், மண்ணும் ரத்தமுமாக வாயெல்லாம் உப்பு. நேர்ந்துவிட்டதன் அடையாளத்தை அறுக்கலாமா, அறுத்தால் வேண்டுதல் நிற்குமா, யாரைக் கேட்பது, ஃபாதர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். துணி கையோடு வந்தது. குஞ்சைக் கீழே விட்டாள், தத்தித் தத்தி ஓடித் தாயின் இறக்கைக்குள் நுழைந்தது, அடுத்த நிமிடம் எல்லாமே வெளியே வந்து கிளற ஆரம்பித்தன, தாய் ஒரு பக்கம் நகர்ந்தது, அவையும் நகர்ந்தன, நொண்டியைத் தவிர மற்ற ஐந்தும் ஒன்றுபோல இருந்தன. எது? முதுகில் கீறல் உள்ளது எது? மண்ணில் புரண்டதில் கீறலும் தெரியவில்லை. அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தோணியாருக்குத் தெரியும், தெரிந்துதான் இருக்க வேண்டும், தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் என்றுதானே பெயர். கூட்டத்தோடு கூட்டமாக மண்ணைக் கிளறிக்கொண்டு... அப்படியே இருந்துவிடு, ஒருத்தர் கண்ணிலும் படாமல் அப்படியே இருந்துவிடு. யாரிடம் சொல்கிறோம் இதை என்று சட்டென்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

அன்றைக்குத் திடலில் எல்லாரும் கறுத்த சட்டையில் நின்றார்கள். வெகு நேரம் தலை அசையவில்லை, அந்த ஓட்டைக் கண்ணுக்குப் பின்னால் இருந்தவன் யாரோ, எந்த ஊரோ, அவனுக்கு இந்தத் தோட்டத்தில் யாரையாவது தெரியுமோ தெரியாதோ, வேனைத் தட்டுகிறார்கள், யாரையாவது காட்டித்தான் ஆக வேண்டும், வரிசை வருகிறது, கறுப்பு, கறுப்பு, கறுப்பு... அவன் ராஃபேலைப் பார்த்துத் தலையாட்டினானா, இல்லை... இருக்காது. அப்படி இருக்காது. ஒரு சட்டைக்காக யாராவது... இருக்குமா? அன்றிலிருந்து ஒரு தடவைகூட அவளுக்கு இது தோன்றவில்லையே, கோழி வந்து சொல்ல வேண்டியிருந்ததா. வேலிவாசலைப் பார்த்தாள். யூசோப் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார், கதவு பூட்டியிருந்தது, அதற்கு அப்பால் செம்மண் பாதை, லோரி கிளப்பிய தூசி அடங்கிப் போயிருந்தது. ஓடிப்போய்க் கேட்கலாம், திறக்க மாட்டார், பாஸ் இல்லாமல் திறக்க முடியாது, திறந்தாலும் எங்கே ஓடுவது, லோரி இந்நேரம் ஆற்றுப் பக்கம் போயிருக்கும், கிராணி பொட்டலத்தை ஃபாதர் கையில் கொடுத்துவிடுவார், அடுத்த வாரம் மேசைக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்துவார்கள், எல்லாரும் காக்கியில் நிற்பார்கள், ராஃபேல் மட்டும் அவள் சொன்ன சொல்லைத் தட்டாமல் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சிவப்புச் சிலுவையோடு... நிழல் மறுபடியும் தகரத்தில் ஏறியது. அவள் கழியைத் தேடவில்லை, பட்டுத்துணியைக் கைக்குள் சுருட்டிச் சுருட்டி மறைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிலுவையை, பார்த்த உடனே தெரிகிற மாதிரி, நன்றாகத்தான் தைத்திருந்தாள்.